வைஃபை இருக்கு, நெட் எங்கே?

ஃபைபர் இணைப்பு வாங்கிய வீடுகளில் இந்த வாசகத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள்: ‘கனெக்டட், நோ இன்டர்நெட்’. போனில் வைஃபை குறி முழுசாக நிற்கும். ரவுட்டரில் பச்சை விளக்குகள் எரியும். யூடியூப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இரவிலோ, அலுவலக மீட்டிங் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போதோ இது நடந்தால் வீடே பதறிப்போகிறது. ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம். வரவில்லை. பின்னால் இருக்கும் சின்னத் துளைக்குள் குண்டூசியை விட்டு அழுத்துகிறோம். அப்போதும் வரவில்லை. கேபிள்காரருக்குப் போன் போடுகிறோம். அவர் எடுத்ததும் நாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, நெட் வரலைப்பா.”

அவருக்கு இது எதையுமே சொல்வதில்லை. தெருமுனையில் லாரி இடித்துக் கேபிள் அறுந்திருந்தாலும் ‘நெட் வரலை’தான். ரீசார்ஜ் முடிந்திருந்தாலும் ‘நெட் வரலை’தான். வீட்டுப் பையன் போனில் எதையோ மாற்றி வைத்திருந்தாலும் அதே வார்த்தைதான். ஆனால் இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பழுதைச் சரிசெய்வது எல்லா நேரமும் நம் கையில் இல்லை. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. அதற்குப் பொறியியல் படிப்பு வேண்டாம்; பத்து நிமிடப் பொறுமை போதும். மாதா மாதம் பணம் கட்டும் வாடிக்கையாளருக்கு இந்த அறிவு ஒரு பாதுகாப்பு. இது இல்லாததால்தான் “இங்கே எல்லாம் சரியா இருக்கு சார், உங்க ரவுட்டர்லதான் பிரச்னை” என்று யாரோ சொன்னதும் நாம் வாயடைத்துப் போகிறோம்.

போனுக்கு எப்படித் தெரிகிறது?

இணையம் இல்லை என்பதைப் போன் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வைஃபையில் சேர்ந்த உடனே ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரிக்குச் சின்னக் கேள்வி ஒன்றை அனுப்புகிறது. அங்கிருந்து 204 என்ற எண்ணோடு வெற்றுப் பதில் திரும்பி வர வேண்டும். வந்தால் இணையம் இருக்கிறது என்று முடிவு செய்கிறது. வராவிட்டால் வைஃபை குறிக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறியைப் போடுகிறது. விண்டோஸ் கணினி மைக்ரோசாஃப்ட்டின் முகவரிக்கும், ஐபோன் ஆப்பிளின் முகவரிக்கும் இதே போன்ற சோதனையை அனுப்புகின்றன.

ஆக, ‘கனெக்டட்’ என்ற சொல் உங்கள் போனிலிருந்து ஹாலில் இருக்கும் பெட்டி வரைக்குமான பத்தடித் தூரத்தைப் பற்றியது மட்டுமே. அந்தப் பெட்டிக்கு அப்பால் பாதை நீள்கிறது. கண்ணாடி இழை உங்கள் வீட்டிலிருந்து தெருக் கம்பத்துக்கும், அங்கிருந்து ஆபரேட்டரின் அறைக்கும் போகிறது. அந்த அறையில் உங்கள் கணக்கு சரிபார்க்கப்படுகிறது. பிறகு உங்களுக்கு ஓர் எண் முகவரி தரப்படுகிறது. நீங்கள் தட்டச்சு செய்யும் பெயர் எந்த எண்ணுக்குரியது என்று யாரோ ஒருவர் சொல்லவும் வேண்டும். இவற்றில் எது நின்றாலும் போனுக்குத் தெரிவது அந்த ஓர் ஆச்சரியக்குறி மட்டும்தான்.

தேட ஆரம்பிக்கும் முன்பு போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபையில் நெட் இல்லை என்றால் பல போன்கள் சத்தமில்லாமல் சிம் கார்டின் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். ‘இப்போ வந்துடுச்சு’ என்று நாம் ஏமாறுவது இதனால்தான். இன்னொன்று, வீட்டில் இருக்கும் வேறொரு போனிலும் பாருங்கள். ஒன்றில் வந்து இன்னொன்றில் வரவில்லை என்றால் லைனைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பழுது அந்தக் கருவியில் இருக்கிறது.

சிவப்பு விளக்கு சொல்லும் சேதி

எல்லாப் போனிலும் வரவில்லையா? பெட்டியின் முகப்பைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் வரும் பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர், நம் ஊரில் மோடம் என்றே சொல்லிவிடுகிறோம். அதில் ‘பான்’, ‘எல்.ஓ.எஸ்.’ என்ற இரண்டு விளக்குகள்தான் முக்கியமானவை. எல்.ஓ.எஸ். என்றால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். அது சிவப்பாக மினுக்கினால் வீட்டுக்குள் நீங்கள் என்ன செய்தாலும் நெட் வராது. ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும், பாஸ்வேர்டை மாற்றினாலும் வராது. கண்ணாடி இழை வழியாக வர வேண்டிய ஒளி நின்றுவிட்டது அல்லது மிகவும் மங்கிவிட்டது.

அந்த ஒளி எவ்வளவு நுட்பமானது என்று தெரிந்தால், அது அடிக்கடி ஏன் நிற்கிறது என்பதும் புரியும். ஆபரேட்டர் அறையில் ஓ.எல்.டி. என்ற கருவி இருக்கிறது. அதன் ஒரு முனையிலிருந்து கிளம்பும் ஒரே இழை, வழியில் ஸ்ப்ளிட்டர் பெட்டிகளில் பிரிந்து பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் வெளிச்சம் பாதியாகிறது. இழைக்குள் ஒளி பயணிக்கும் நடுப்பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான்தான். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. உங்கள் பெட்டி அடையாளம் காணக்கூடிய குறைந்தபட்ச ஒளியை டெக்னீஷியன்கள் ‘மைனஸ் 27’ என்பார்கள். டி.பி.எம். என்ற அளவையில் சொல்லும் கணக்கு அது. வாட்டில் சொன்னால், ஒரு வாட்டின் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சன்னமான வெளிச்சத்தை நம்பித்தான் நான்கு பேர் நான்கு அறைகளில் வீடியோ பார்க்கிறோம்.

எனவே, சோபாவை நகர்த்தும்போது ஒயர் நசுங்கினாலே போதும், நெட் போய்விடும். மின்சார ஒயரை மடக்கிக் கட்டுவதுபோல ஃபைபரை ஆணியில் சுற்றி இறுக்குகிறார்கள். மடிப்பில் ஒளி வெளியே கசிந்துவிடும். மிச்சமிருக்கும் ஒயரைக் குறைந்தது ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாகத் தளர்வாகச் சுற்றி வையுங்கள். பெட்டிக்குப் பின்னால் இருக்கும் பச்சை நிறக் கனெக்டரை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வேலைக்காரம்மா தூசு தட்டும்போது அது பாதி கழன்று நிற்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அழுத்தியதும் ‘டக்’ என்ற சத்தத்தோடு உட்கார்ந்து சிவப்பு விளக்கு அணைந்தால் பழுது தீர்ந்தது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து ‘வெளிச்சம் வருதா’ என்று பார்க்கவே கூடாது. இதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி. முனையைச் சட்டைத் துணியால் துடைப்பதும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி ஒட்டினாலும் ஒளி தடைபடும்.

வீட்டுக்குள் எல்லாம் சரி, சிவப்பு மட்டும் அணையவில்லை என்றால் கதை தெருவில் இருக்கிறது. அணிலும் எலியும் கேபிளைக் கடிக்கின்றன. மரக்கிளை விழுகிறது. வைக்கோல் ஏற்றிய லாரி தாழத் தொங்கும் ஒயரை இழுத்துக்கொண்டு போகிறது. எல்லாவற்றையும் விட, மழைநீர் வடிகாலுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டும் ஜே.சி.பி. இயந்திரங்கள் மண்ணுக்குள் இருக்கும் ஃபைபரை அறுத்துவிடுகின்றன. தோண்டும் முன்பு அங்கே யாருடைய கேபிள் போகிறது என்று கேட்டுக்கொள்ள ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச் 22-ல் அறிமுகப்படுத்தியது. நல்ல ஏற்பாடு. தெருவில் பள்ளம் தோண்டும் ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்புகள் நிபந்தனை போட வேண்டும்.

அறுந்த இழையை ஒட்டுவது டேப் சுற்றும் வேலை கிடையாது. சிவப்பு ஒளி பாய்ச்சும் பேனாவால் எங்கே உடைந்திருக்கிறது என்று தேடுகிறார்கள். இரு முனைகளையும் சீவி, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்டுகிறார்கள். பிறகு பவர் மீட்டரில் அளவு பார்க்கிறார்கள். மழையில் ஏணி மேல் நின்றபடி இதைச் செய்யும் இளைஞர் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில் இருப்பவர். அவரைத் திட்டுவதில் பயனில்லை. “எல்.ஓ.எஸ். சிவப்பு மினுக்குது, கனெக்டரை அழுத்திப் பார்த்துட்டோம்” என்று நீங்கள் போனிலேயே சொல்லிவிட்டால், எந்தக் கருவிகளோடு வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

வெளிச்சம் இருக்கிறது, அனுமதி இல்லை

சிவப்பு எரியவில்லை. பான் விளக்கு அசையாமல் பச்சையாக நிற்கிறது. ‘இன்டர்நெட்’ என்ற விளக்கு மட்டும் எரியவில்லை, அல்லது சிவப்பாக இருக்கிறது. இதற்குப் பொருள்: கண்ணாடி இழை நலம். ஆபரேட்டர் அறை வரை பாதை திறந்திருக்கிறது. வாசலில் உங்களை உள்ளே விடவில்லை.

இங்கேதான் யூசர்நேம், பாஸ்வேர்ட் வருகின்றன. வைஃபை பாஸ்வேர்டை நான் சொல்லவில்லை. அது உங்கள் வீட்டுக்குள் மட்டும்தான் செல்லும். பல நிறுவனங்களில் உங்கள் ரவுட்டர் ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் நிறுவனத்தின் கணினியில் உங்கள் பெயரில் ஒரு லாகின் செய்கிறது. பி.பி.பி.ஓ.இ. என்று அதற்குப் பெயர். டயல்-அப் காலத்து லாகின் முறையை ஈதர்நெட் ஒயருக்கு ஏற்ப மாற்றி 1999-ல் வகுத்த முறை அது. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, மோடம் கீச்சிடக் காத்திருந்து நாம் கையால் அடித்த அதே பெயரையும் கடவுச்சொல்லையும் இப்போது பெட்டியே அடித்துக்கொள்கிறது.

இந்த லாகின் தோற்பதற்குச் சாதாரணக் காரணம் ரீசார்ஜ் முடிந்துபோனதுதான். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் முதலில் இதைப் பாருங்கள். நிறுவனத்தின் செயலியில் தேதி இருக்கும். அடுத்த காரணம் சுவாரஸ்யமானது. மின்சாரம் திடீரென்று போகும்போது உங்கள் ரவுட்டர் ‘நான் கிளம்புகிறேன்’ என்று சொல்லாமலே அணைந்துவிடுகிறது. நிறுவனத்தின் கணினி நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும். கரன்ட் வந்ததும் ரவுட்டர் மறுபடி லாகின் செய்யப் போனால், ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்’ என்று விரட்டிவிடும். ஒரு நொடி அணைத்துப் போடுவது இதற்கு உதவாது. பத்து, பதினைந்து நிமிடம் அணைத்தே வைத்திருங்கள். பழைய லாகின் காலாவதியானதும் புதியது ஏறும். ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற ஆலோசனை சில வீடுகளில் பலிப்பதற்கும் சில வீடுகளில் பலிக்காததற்கும் பல சமயம் இந்த இடைவெளிதான் காரணம்.

ரவுட்டரைப் புதிதாக மாற்றியிருந்தால் இன்னொரு சிக்கலும் வரலாம். பழைய பெட்டியின் மேக் முகவரியை, அதாவது அதன் அடையாள எண்ணை, சில நிறுவனங்கள் உங்கள் கணக்கோடு கட்டிவைத்திருக்கும். பெட்டி மாறினால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் அனுமதி கிடைக்காது. ஒரே ஒரு போனில் தீரும் விஷயம் இது: “மேக் பைண்டிங்கை ரிலீஸ் பண்ணுங்க” என்று கேட்டால் போதும்.

அந்தக் குண்டூசித் துளை

ரீசெட் என்று எழுதிய அந்தத் துளையைத் தொடாதீர்கள். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. சுமார் பத்து நொடி அழுத்தினால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிடும். உங்கள் பி.பி.பி.ஓ.இ. பெயரும் கடவுச்சொல்லும் அழியும். வி-லேன் எண் என்று ஓர் எண்ணை இணைப்புத் தந்த அன்று டெக்னீஷியன் பதிந்திருப்பார், அதுவும் அழியும். பிறகு வைஃபை மட்டும் வரும், பெட்டியின் அடியில் அச்சிட்ட பழைய பெயரில். அரை மணி நேரத்தில் தானாகச் சரியாகியிருக்கக்கூடிய ஒரு கோளாறு இப்போது ஆள் வந்தே தீர வேண்டிய வேலையாகிவிட்டது. பெரிய நிறுவனங்கள் சில, அழிந்த அமைப்பைத் தொலைவிலிருந்தே மறுபடி ஏற்றிவிடும். உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் மூலம் இணைப்பு வாங்கிய வீடுகளுக்குப் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. யூடியூப் வீடியோக்கள் பல ‘ரீசெட் பண்ணுங்க’ என்றே தொடங்குகின்றன. அப்படிச் சொல்லித்தருவது பொறுப்பற்ற செயல்.

எல்லா விளக்கும் பச்சை, ஆனாலும்…

பெட்டியில் எல்லா விளக்கும் சரியாக இருக்கிறது. அப்படியானால் போனின் வைஃபை விவரத்தில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் உங்கள் போனுக்கு முறையாக எண் கொடுத்திருக்கிறது. கணினியில் 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் எண்ணே கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்த கணினி தனக்குத் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு வீட்டு வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

இது அதிகமாக நடப்பது மாடி வீடுகளில். கீழே ஒரு ரவுட்டர், மாடிக்கு எட்டவில்லை என்று கடையில் வாங்கிய இன்னொன்று. இரண்டாவது பெட்டியில் ஒயரை எந்தத் துளையில் செருகுவது என்பதில்தான் குழப்பம். ‘வான்’ என்ற துளைக்குப் பதில் ‘லேன்’ துளையில் செருகிவிட்டால், ஒரே வீட்டில் இரண்டு பெட்டிகள் ஆளுக்கொரு பக்கம் எண் கொடுக்க ஆரம்பிக்கும். ஒரு குழாய்க்கு இரண்டு வால்வுக்காரர்கள் இருப்பதுபோல: ஒருவர் திறந்ததை மற்றவர் மூடுவார். இரண்டாவது பெட்டியிடம் எண் வாங்கிய போன்களுக்கு வெளியே போகும் வழி தெரியாது. அதனால்தான் அப்பா போனில் நெட் வருகிறது, அம்மா போனில் வரவில்லை. சற்று நேரம் கழித்து மாறுகிறது. ‘வான்’ துளையில் சரியாகச் செருகியும் சிக்கல் வரலாம். இரண்டு பெட்டிகளுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால் மாடிப் பெட்டிக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. மாடிப் பெட்டியை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றினால் இரண்டு சிக்கலும் தீரும். அந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் பெரும்பாலும் இதற்கு ஒரே ஒரு தேர்வுதான் இருக்கும்.

பெயர் தெரியாத ஊர்

இனி வருவது மிக நுட்பமான கோளாறு. லைன் சரி, லாகின் சரி, எண் சரி. இருந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லை. வாட்ஸ்அப் மட்டும் சில சமயம் ஓடும். டி.என்.எஸ். கோளாறாக இருக்கலாம்.

இணையத்தில் கருவிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும். நமக்குப் பெயர்தான் நினைவிருக்கும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் இந்த ஏற்பாட்டை அமெரிக்காவில் பால் மொக்காபெட்ரிஸ் 1983-ல் வடிவமைத்தார். உங்கள் ரவுட்டர் இந்த வேலைக்கு வழக்கமாக நிறுவனத்தின் சர்வரையே நம்பியிருக்கும். அது படுத்துவிட்டால் இணையம் முழுவதும் இருந்தும் இல்லாததாகிவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் கட்டளையோடு 8.8.8.8 என்று அடியுங்கள். பதில் வருகிறதா? அடுத்து அதே கட்டளையோடு ஏதாவது ஒரு தளத்தின் பெயரை அடியுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று கணினி சொன்னால் பழுது டி.என்.எஸ்.-ல்தான். இந்த ‘பிங்’ நிரலை 1983 டிசம்பரில் எழுதியவர் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் வேலை பார்த்த மைக் மூஸ். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவியின் ஒலியைத்தான் அதற்குப் பெயராக வைத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகம் முழுக்க நெட்வொர்க் ஆட்கள் முதலில் கையிலெடுப்பது அதைத்தான்.

மாற்று வழி உண்டு. கூகுள் 2009 டிசம்பரில் தொடங்கிய 8.8.8.8, கிளவுட்ஃப்ளேர் 2018 ஏப்ரல் 1-ல் தொடங்கிய 1.1.1.1 இரண்டும் யாருக்கும் இலவசம். ரவுட்டரிலோ போனிலோ டி.என்.எஸ். இடத்தில் இவற்றில் ஒன்றைக் கொடுத்தால் போதும்.

டி.என்.எஸ். எவ்வளவு முக்கியமான இடம் என்பதைத் திருடர்கள் நமக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்ற தீநிரல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளில் புகுந்து, டி.என்.எஸ். எண்ணை மட்டும் மாற்றி வைத்தது. ரவுட்டர்களில் யாரும் மாற்றாமல் விட்ட பழைய பாஸ்வேர்டு வழியாக அவற்றிலும் புகுந்தது. வங்கித் தளத்தின் பெயரை அடித்தால் திருடர் நினைத்த இடத்துக்குக் கொண்டுபோகக்கூடிய ஏற்பாடு அது. 2011 நவம்பரில் எஃப்.பி.ஐ. அந்தக் கும்பலைப் பிடித்தது. ஆனால் திருடர்களின் சர்வரை உடனே அணைத்தால் பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் ‘கனெக்டட், நோ இன்டர்நெட்’ ஆகிவிடும். எனவே நீதிமன்ற உத்தரவோடு மாற்று சர்வர்களை மாதக்கணக்கில் ஓடவிட்டு, 2012 ஜூலை 9-ல்தான் நிறுத்தினார்கள். உங்கள் ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்ட் இன்னும் ‘அட்மின்’ என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

உங்கள் வீட்டில் எந்தக் குற்றமும் இல்லாத நாட்களும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று, இந்திய நேரம் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. அவற்றை நடத்தும் நிறுவனம் தன் உள் இணைப்பில் செய்த ஒரு தவறான மாற்றத்தால் அதன் டி.என்.எஸ். சர்வர்களுக்கான வழியே இணைய வரைபடத்திலிருந்து மறைந்துபோனது. அந்த இரவில் ரவுட்டரைக் கழற்றி மாட்டியவர்கள் வீணாகத்தான் சிரமப்பட்டார்கள். ஒரு செயலி நின்றால், வேறு இரண்டு தளங்களைத் திறந்து பார்த்துவிட்டுப் பெட்டிக்குப் போங்கள்.

ஒரே ஒரு கருவியில் மட்டும் வரவில்லை என்றால் வி.பி.என். செயலி ஓடுகிறதா, ஆண்ட்ராய்டில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ பகுதியில் விளம்பரத் தடைக்காக ஏதாவது பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்தச் சேவை நின்றுபோனால் உங்கள் போனும் நின்றுபோகும். பழைய லேப்டாப்பில் தேதி தவறாக இருந்தாலும் தளங்கள் திறக்காது. பாதுகாப்புச் சான்றிதழின் காலம் பொருந்தாமல் பிரவுசர் மறுத்துவிடும். சில தளங்கள் மட்டும் திறந்து சில பாதியிலேயே தொங்கினால், ரவுட்டரில் எம்.டி.யு. என்ற எண்ணைப் பாருங்கள். பி.பி.பி.ஓ.இ. இணைப்புக்கு அது 1492 ஆக இருக்க வேண்டும்.

கரன்ட் பற்றியும் ஒரு வார்த்தை. தெரு ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. கரன்ட் போனாலும் ஆபரேட்டர் அறையில் பேட்டரியும் உங்கள் பெட்டிக்கு ஒரு மினி யூ.பி.எஸ்.ஸும் இருந்தால் நெட் ஓடும். ஆபரேட்டரின் பேட்டரி தீர்ந்தால் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஒன்றும் செய்ய முடியாது. அடாப்டர் பழசாகி 12 வோல்ட்டைச் சரியாகத் தராவிட்டால் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், பெட்டி அடிக்கடி தானாக அணைந்து உயிர்பெறும். அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரை மாட்டினால் தெரிந்துவிடும்.

புகாருக்கு எண் வாங்குங்கள்

வீட்டுப் பக்கம் எல்லாம் சரி என்று உறுதியான பிறகு புகார் கொடுங்கள். இப்படிப் பேசிப் பாருங்கள்: “பான் பச்சை, எல்.ஓ.எஸ். எரியலை, இன்டர்நெட் லைட் சிவப்பு. ரீசார்ஜ் இருக்கு. கால் மணி நேரம் அணைச்சு வெச்சுப் போட்டாச்சு.” எதிர்முனையில் குரலின் தொனியே மாறிவிடும்.

வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ம் ஆண்டு புகார் தீர்வு விதிப்படி, ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. தீர்வு திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமில்லாமல் போகலாம். 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத்தர விதிகள், ஃபிக்ஸட் லைன் பழுது மூன்று நாளைத் தாண்டினால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும் என்கின்றன. டாக்கெட் எண்ணும் தேதியும் கையில் இல்லாதவருக்கு இந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும்.

நிறுவனங்களிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. எந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள், ரீசெட் துளையை ஏன் தொடக் கூடாது, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துப் பெட்டியோடு கொடுங்கள். அச்சுக்கு ஆகும் செலவு சில காசுகள். தேவையில்லாமல் ஒரு டெக்னீஷியனை அனுப்பும் செலவை விட அது எவ்வளவோ குறைவு. பட்டாவிலிருந்து பள்ளிச் சேர்க்கை வரை எல்லாவற்றையும் ஆன்லைனுக்குக் கொண்டுபோன பிறகு, லைன் நின்ற வீட்டை ஆங்கிலக் குறிகளோடு தனியே தவிக்க விடுவது நியாயமில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேலை. நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக இருக்கும்போது எந்த விளக்குகள் எந்த நிறத்தில் எரிகின்றன என்று முகப்பையும் ஒரு படம் எடுங்கள். ஆபரேட்டரிடம் உங்கள் பி.பி.பி.ஓ.இ. பெயர், கடவுச்சொல், வி-லேன் எண் மூன்றையும் கேட்டு, கேஸ் புத்தகமும் ஈ.பி. கார்டும் இருக்கும் இடத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.